கோணி ஓடும் லாரி

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். முன்னால் போகும் லாரி தன் தடத்தில் நேராகத்தான் போகிறது. ஆனால் அதன் உடம்பு நேராக இல்லை. முன்பக்கம் ஓரிடத்தில் இருக்க, பின்பக்கம் ஒரு சாண் ஒதுங்கி வருகிறது. நமக்குப் பின்கதவு மட்டும்தான் தெரிய வேண்டும். பக்கப் பலகையும் சேர்ந்து தெரிகிறது. முந்தலாமா, வேண்டாமா என்று கை தயங்குகிறது.

ஓட்டுநர் தூங்குகிறாரோ? தூங்கினால் தடம் மாறும். இது தடம் மாறவே இல்லை. பாரம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டதோ? பாரம் ஒதுங்கினால் வண்டி சாயும், கோணாது. ஸ்டியரிங்கில் கோளாறோ? எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். ஆனால் பழுது பின்னால் இருக்கிறது, சட்டத்துக்கு அடியில். பெரும்பாலும் விரல் பருமனுள்ள ஒரு போல்ட்டில் அது தொடங்கியிருக்கும்.

இந்தச் சமவெளியே லாரியால் பிழைக்கிறது. நாமக்கல்லில் வெறும் சேஸிஸாக வந்து சேரும் வண்டிக்கு உடல் கட்டுகிறார்கள். எரிவாயு டேங்கர்கள் இங்கிருந்து தென்மாநிலங்கள் எங்கும் ஓடுகின்றன. சங்ககிரியில் லாரி இல்லாத சொந்தக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஊர். இங்கத்திய ரிக்குகள் வட மாநிலங்களிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும்கூடத் துளை போடுகின்றன. இந்த அத்தியாயத்தின் நாயகன் ரிக் வண்டிதான். சரக்கு லாரி பாரத்தை இறக்கிவிட்டுக் காலியாகவும் திரும்பும். ரிக்குக்கு அந்த ஓய்வு கிடையாது. கோபுரம், ஜாக்கிகள், எந்திரங்கள் என்று அதன் பாரம் சட்டத்தோடு முறுக்கி வைத்த பாரம். போதாததற்கு, அதன் வேலை தார்ச்சாலையில் இல்லை. வரப்பேறி, மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து, கிணற்றுக்காரர் காட்டிய இடத்தில் போய் நிற்க வேண்டும். பின்னச்சுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

அச்சைப் பிடித்திருப்பது எது?

லாரியின் சட்டத்துக்கும் பின்னச்சுக்கும் நடுவே கமான் பட்டை இருக்கிறது: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள். பாரம் தாங்குவது மட்டும் அதன் வேலை என்று நினைக்கிறோம். சாதாரண ஆறு சக்கர லாரியில் அதற்கு மூன்று வேலை. பாரத்தைத் தாங்க வேண்டும். அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க வேண்டும். அச்சு உருண்டுவிடாமல் தடுக்கவும் வேண்டும். மூன்றாவது வேலை பலருக்குத் தெரியாது. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் விசை, அதே அளவில் அச்சுக்கூட்டைப் பின்னோக்கி உருட்டப் பார்க்கும். முதல் கியரும் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பற்சக்கரமும் சேர்ந்து எஞ்சினின் முறுக்குவிசையை ஏறக்குறைய ஐம்பது மடங்காக்கிச் சக்கரத்துக்குத் தருகின்றன. உழுத காட்டில் சக்கரம் புதைந்து, ஓட்டுநர் கிளட்சை விடும் அந்தக் கணத்தில் அத்தனையும் பட்டை மேல்தான் விழுகிறது.

பட்டை அச்சோடு எப்படி ஒட்டியிருக்கிறது? பட்டைகள் எல்லாவற்றையும் ஊடுருவி நடுவே ஒரு போல்ட் போகிறது. பட்டறைகளில் அதை சென்டர் போல்ட் என்பார்கள். அதன் தலை அச்சு மேல் உள்ள குழியில் உட்காரும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு யூ போல்ட், பட்டையையும் அச்சையும் சேர்த்துக் கட்டியிருக்கும். அச்சை நகராமல் பிடிப்பது சென்டர் போல்ட்தான் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நான்கு டயர் உள்ள ஓர் அச்சில் ஏற்றலாம் என்று சட்டம் அனுமதித்த எடை 10.2 டன்னாக இருந்தது. 2018இல் அதை 11.5 டன் ஆக்கினார்கள். அவ்வளவு பாரத்தோடு உலர்ந்த சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால், அந்த எடையில் பாதிக்கு மேல் கிடைவிசையாக அச்சைப் பின்னுக்குத் தள்ளும். குண்டும் குழியும் சேர்ந்தால் இன்னும் கூடும். நாள் முழுக்க அந்த அடியை வாங்க விரல் பருமன் போல்ட்டால் ஆகாது. பிடித்திருப்பது உராய்வு. யூ போல்ட் பல டன் விசையோடு நெருக்குவதால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே எழும் உராய்வு. சென்டர் போல்ட் வெறும் அடையாளக் குச்சி. எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுவதோடு அதன் பொறுப்பு முடிந்தது.

முறுக்கிய போல்ட் உண்மையில் ஓர் இழுபட்ட ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது யூ போல்ட்டின் கால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நீள்கிறது. அந்த நீட்சிதான் நெருக்குவிசை. பட்டைகளுக்கு இடையே உள்ள பெயின்ட் தேய்கிறது, துரு பொடியாகிறது, மேடுகள் நசுங்குகின்றன. அரை மில்லிமீட்டர் குறைந்தால் போதும், நீட்சியில் பெரும்பங்கு போய்விடும். நட்டு கழன்றிருக்காது, ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது. ஆனாலும் பிடி போயிருக்கும். பட்டை மாற்றிய வண்டியைப் பாரத்தோடு கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்க வேண்டும் என்று நல்ல மேஸ்திரிகள் அடம்பிடிப்பது இதனால்தான். அதற்கென்று திரும்பி வரும் வண்டிகள் குறைவு.

பிடி போனபின் வேலை முழுக்க சென்டர் போல்ட் மேல் விழுகிறது. ஒரு நாள் ‘டக்’கென்று ஒரு சத்தம். அந்தப் பக்க அச்சு பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. இடப்பக்கம் நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்கள் இப்போது சற்று இடப்புறம் பார்க்கின்றன. வண்டியின் பின்பாதி இடப்புறம் ஒதுங்கும். நேராகப் போக ஓட்டுநர் ஸ்டியரிங்கையும் கொஞ்சம் இடப்புறமே பிடித்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. உடம்பு கோணியபின் பின்சக்கரங்கள் சாலையின் திசையிலேயே உருள்கின்றன. அதனால் பின்டயர் பெரிதாகத் தேயாது. டீசலும் பெரிதாகக் கூடாது. முதலாளியின் கணக்கு நோட்டில் வலி தெரியாத பழுது இது. நெடுஞ்சாலையில் கோணி ஓடும் லாரிகள் நம் கண்ணில் இவ்வளவு படுவதற்குக் காரணம் அதுதான்.

பத்துச் சக்கரமானால்

ரிக் வண்டிகளுக்குப் பெரும்பாலும் பத்துச் சக்கரம். பின்னால் இரண்டு அச்சு. ஓர் அச்சு மட்டும் கோணினால் வண்டி உடம்பைத் திருப்பிச் சமாளிக்க முடியாது. ஓர் அச்சுக்கு ஏற்பத் திரும்பினால் மற்றொன்றுக்கு ஆகாது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் ஆளுக்கொரு திசை பார்ப்பது போல, இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும். இங்கே உடம்பு கண்ணுக்குக் கோணலாகவே தெரியாது. டயர் தேயும்.

பின்னிரண்டு அச்சுக்கும் விசை போகும் வண்டிகளில் பட்டையின் அமைப்பே வேறு. பட்டைக்கட்டு தலைகீழாக நடுவில் ஒரு சுழல்மையத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் இரு முனைகளும் முன் அச்சிலும் பின் அச்சிலும் தங்கியிருக்கும். ஒரு சக்கரம் வரப்பு மேல் ஏற, இன்னொன்று சாலில் இறங்கினாலும் பாரம் இரண்டுக்கும் பங்காகும். இங்கே பட்டைக்குப் பாரம் தாங்கும் வேலை மட்டும்தான். அச்சை இடத்தில் பிடிப்பதும் உருளாமல் தடுப்பதும் டார்க் ராடு எனப்படும் எஃகுத் தண்டுகள்; இவற்றை இனி பிடிதண்டு என்போம். பிடிதண்டின் இரு முனையிலும் தடித்த ரப்பர் புஷ். வண்டி வரப்பேறும்போதெல்லாம் முறுக்கு வாங்குவது அந்த ரப்பர்தான்.

ஒரு ரிக்கின் கணக்கு

ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் எல்லாம் இந்த வகை லாரிகளுக்கு வழக்கமானவை. ஓட்டுநர் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்.

“மேஸ்திரி, நாப்பதுல போனா அடியில உறுமுதுங்க. முப்பதுல இல்லீங்க. அம்பதுல கம்மி.”

“இழுக்கும்போதா, விட்டு ஓடும்போதாங்க?”

“ரெண்டுலயும்தாங்க. இழுக்கும்போது சாஸ்தி. டயரும் ஒரு மாதிரி தேயுது.”

மேஸ்திரி கேட்ட ஒரு கேள்விக்குள் பாதிப் பரிசோதனை முடிந்துவிட்டது. கிரவுன், அதைச் சுழற்றும் பினியன் இவற்றின் பற்களில் ஒரு முகம் இழுக்கும்போது வேலை செய்கிறது, மறுமுகம் விட்டு ஓடும்போது. ஒரு நிலையில் மட்டும் ஊளையிட்டால் சந்தேகம் பற்கள் மேல். இரண்டிலும் வந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் டயர். மேஸ்திரி உள்ளங்கையை டயரின் குறுக்கே இடமிருந்து வலமாகத் தேய்க்கிறார், பிறகு வலமிருந்து இடமாக. ஒரு திசையில் வழுக்குகிறது. மறு திசையில் கட்டைகளின் விளிம்பு கையை அறுக்கிறது. டயர் உருளும்போதே பக்கவாட்டிலும் இழுபடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. காற்று அழுத்தக் கோளாறு என்றால் தேய்மானம் நடுவிலோ இரு ஓரத்திலோ தெரியும், கூர்விளிம்பு வராது.

அடுத்து அளவு. தேவை கொத்தனாரின் தூக்குக்குண்டு, சாக்பீஸ், டேப். சமதரையில் வண்டியைச் சில அடி முன்னே உருட்டி, பிரேக் பிடிக்காமல் நிற்கவிட வேண்டும். அப்போதுதான் ரப்பரில் அடைபட்ட முறுக்கு அவிழும். இரண்டு அச்சுகளிலும் இரு பக்கமும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் உள்ள புள்ளிகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறி போடுகிறார்கள். இடப்பக்கக் குறிகளுக்கு இடையே உள்ள தூரமும் வலப்பக்கக் குறிகளுக்கு இடையே உள்ள தூரமும் சமமாக இருக்க வேண்டும். நம் வண்டியில் இடப்பக்கம் 1 சென்டிமீட்டர் கூடுதல்.

வெறும் ஒரு சென்டிமீட்டர்தானே? ஓர் அச்சின் இடது, வலது புள்ளிகளுக்கு இடையே 180 சென்டிமீட்டர். அப்படியானால் இரண்டு அச்சும் பார்க்கும் திசைகளுக்குள் 180க்கு 1 என்ற சரிவு இருக்கிறது. வண்டி ஒரு கிலோமீட்டர், அதாவது 1,000 மீட்டர் ஓடினால், இரண்டு அச்சும் தத்தம் திசையில் போயிருந்தால் அவற்றுக்கு நடுவே ஐந்தரை மீட்டர் விலகல் வந்திருக்கும். ஆனால் இரண்டும் ஒரே சட்டத்தில் கட்டுண்டவை, விலக முடியாது. அந்த ஐந்தரை மீட்டரையும் டயர்கள் தங்களுக்குள் பங்கிட்டுப் பக்கவாட்டில் வளைந்தும் உரசியும் தீர்த்தாக வேண்டும். 2,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு வடமாநிலத்தில் துளை போடப் போகும் ரிக், போய்ச் சேருவதற்குள் 11 கிலோமீட்டர் குறுக்கே இழுபட்ட கணக்கு. இந்தப் பக்கத்தள்ளலைச் சமாளிக்க முன்சக்கரங்களும் திரும்பி நிற்பதால் முன்டயரும் தேயும். முன்டயர் தேய்கிறதே என்று முன்னால் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. செலவுதான் மிச்சம்.

காரணம் எது? மேஸ்திரி கடப்பாரையை இடப்பக்கப் பிடிதண்டின் முனையில் கொடுத்து நெம்புகிறார். ரப்பருக்குள் இருக்க வேண்டிய உலோகம் தாராளமாக ஆடுகிறது. புஷ் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் மாவு போல் துரு. அசையக் கூடாத இரண்டு உலோகங்கள் அசைந்து உரசினால் வரும் உலர்ந்த துரு அது. யூ போல்ட் ஓரத்திலோ, இனி வரப்போகும் கிராஸ் என்ற மூட்டுத்துண்டின் மூடி ஓரத்திலோ இதே மாவு தெரிந்தால் அங்கேயும் இதே பொருள்தான்.

நாற்பதில் வரும் உறுமல்

டயர் தேய்வுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. உறுமல் தனிப் பழுதா? இங்கேதான் பெரும்பாலான பட்டறைகளில் பொருள் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள்: சென்டர் பேரிங், பிறகு கிராஸ், பிறகு கிளட்ச் பிளேட். அதற்கு முன் எண்ண வேண்டும். வண்டிக்கு அடியில் சுழலும் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய எண் இருக்கிறது.

இந்த அளவு லாரி டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 11 மீட்டருக்குச் சற்று மேல். ஆக, சக்கரம் வினாடிக்கு மூன்றரைச் சுற்று. கிரவுன்–பினியன் விகிதம் 6 என்றால், கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்ட் வினாடிக்கு 21 சுற்று. டயர் வட்டம் கெட்டிருந்தால் அதிர்வு வினாடிக்கு மூன்றரை முறை. இருக்கையில் உட்கார்ந்தே எண்ணிவிடலாம். ஷாப்ட் வளைந்தோ எடைச்சமன் கெட்டோ இருந்தால் 21 முறை. கண்ணாடி நடுங்கும், பாதம் கூசும். ஷாப்டின் மூட்டில் கோணக் கோளாறு என்றால் 42 முறை. அது அதிர்வாக மட்டுமன்றி, காதுக்கு உறுமலாகவும் வந்து சேரும். இப்போது செல்பேசியிலேயே அதிர்வை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. கேபின் தரையில் போனை வைத்தால் வினாடிக்கு எத்தனை என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

எஞ்சினை விலக்க ஓர் எளிய வழி: அதே 40இல் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் வேகம் மாறும், ஷாப்ட் வேகம் மாறாது. உறுமலின் சுருதி மாறாமல் இருந்தால் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் அதில் பங்கில்லை. நியூட்ரலில் விட்டுப் பார்ப்போம் என்று சிலர் சொல்வார்கள். சமதரையில் சரி, தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு அதைச் செய்வது தற்கொலை.

நம் ரிக்கில் எண் 42. கியர் மாற்றியும் மாறவில்லை. ஆக, மூட்டு.

மூட்டின் குணம்

ஷாப்டின் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவில் ஒரு துண்டு இருக்கிறது. பட்டறைப் பெயர் கிராஸ். அச்சு மேலும் கீழும் போனாலும் விசை அறுபடாமல் திரும்ப அதுதான் வழி செய்கிறது. இத்தாலியின் கார்டானோ பெயரும் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயரும் இதற்கு உண்டு. லாரி பிறப்பதற்கு 200 ஆண்டுக்கு முன்பே ஹூக் இதை வானியல் கருவி ஒன்றுக்காக ஆராய்ந்து எழுதிவிட்டார்.

இந்த மூட்டுக்கு ஒரு குணம். அது மடங்கிய கோணத்தில் சுழலும்போது, உள்ளே சீராக நுழையும் சுற்று வெளியே சீராக வருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரி மடங்கினால் வேகம் ஒன்றரை சதவீதம் கூடி, ஒன்றரை சதவீதம் குறையும். கேட்கச் சிறிது, டன் கணக்கான பாரத்தை இழுக்கும் எஃகுத் தண்டுக்கு அது வினாடிக்கு 42 குத்து.

அப்படியானால் எல்லா லாரியும் உறும வேண்டுமே? உறுமாததற்குக் காரணம் இரண்டாவது கிராஸ். முன்மூட்டும் பின்மூட்டும் ஒரே அளவு மடங்கியிருந்தால், முன்னது செய்யும் ஏற்றத்தாழ்வைப் பின்னது அப்படியே திருப்பிச் செய்து அழித்துவிடும். இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி. இந்தச் சமன் நிற்பது அச்சு உருளாமல் இருக்கும் வரைதான்.

நம் ரிக்கில் இரு மூட்டும் 6 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். மேல் பிடிதண்டின் இரு முனை புஷ்ஷும் தேய்ந்து, மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் கொடுத்துவிட்டன. அந்தத் தண்டு அச்சின் மையத்துக்கு 28 சென்டிமீட்டர் மேலே பிடித்திருக்கிறது. 28க்கு ஒன்றரை என்றால் அச்சு 3 டிகிரி உருளும். பினியனின் மூக்கு நிமிர்ந்து, பின்மூட்டின் கோணம் 9 ஆகிறது. இனி 6ஆல் 9ஐ அழிக்க முடியாது. ஏற்றத்தாழ்வு கோணத்தின் மடங்கில் ஏறுவதில்லை, அதைவிட வேகமாக ஏறுகிறது. ஆகவே மிஞ்சுவது 3 டிகிரியின் விளைவு அல்ல, ஏறக்குறைய 7 டிகிரியில் தனியாக மடங்கி நிற்கும் ஒரு மூட்டின் விளைவு. இழுக்கும்போது அச்சு இன்னும் உருளும், உறுமல் கூடும். ஓட்டுநர் சொன்ன ‘சாஸ்தி’ இதுதான். 40இல் மட்டும் உச்சத்துக்குப் போவதற்குக் காரணம், ஷாப்டும் சட்டமும் தாமாக அதிர விரும்பும் எண் அந்தப் பக்கத்தில் இருப்பது.

டயரை அறுத்ததும் தரையை உறுமச் செய்ததும் ஒரே தலைமுறை ரப்பர் புஷ்கள். இந்த நிலையில் புதுக் கிராஸ் போட்டால் சில நாள் அமைதியாக இருக்கும். பழைய கிராஸின் ஆட்டம் போனதால் வரும் அமைதி அது. பிறகு புதுசும் சீக்கிரமே தேயும்.

காட்டில் போட்ட லாக்

ரிக் ஓட்டுநர்களுக்கே உரிய ஒரு பழுதும் உண்டு. இரண்டு பின்னச்சுக்கும் நடுவே விசையைப் பங்கிடும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. சேற்றில் ஓர் அச்சு வெறுமனே சுழன்றால், லாக் போட்டு இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கலாம். காட்டைவிட்டு வெளியே வந்ததும் அதை எடுக்க வேண்டும். மறந்தால்? ஓர் அச்சில் புது டயரும் மற்றதில் தேய்ந்த டயரும் இருந்தால், அரை மீட்டர் ஆரத்தில் 1 சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். அது 2 சதவீதம். 100 மீட்டர் ஓடுவதற்குள் ஓர் அச்சு மற்றதைவிட 2 மீட்டர் அதிகம் உருளத் துடிக்கும். மண்ணில் சக்கரம் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. முறுக்கு ஏறிக்கொண்டே போய், அச்சுகளுக்கு நடுவே உள்ள குட்டி ஷாப்டோ பல்லோ உடையும். ஸ்டியரிங் கனத்து, திருப்பத்தில் வண்டி தத்தித் தத்திப் போனால் முதலில் லாக் சுவிட்சைப் பாருங்கள். கிரவுன் ஆயிலை இறக்கி, அடிப்போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பார்ப்பதும் நல்லது. மெல்லிய கருஞ்சேறு என்றால் வயதுக்கேற்ற தேய்மானம். நகக்கண் அளவு துண்டுகள் என்றால் வண்டியை நகர்த்தாதீர்கள்.

மாற்றியபின்

நம் ரிக்குக்கு இடது, வலது, மேல் எல்லாப் பிடிதண்டுகளின் புஷ்ஷும் சேர்த்தே மாற்றுகிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புது ரப்பருக்கும் பழைய ரப்பருக்கும் இடையே அச்சு மறுபடி கோணும். தூக்குக்குண்டு மறுபடி இறங்குகிறது, இரு பக்க அளவும் ஒன்றாகிறது. மூட்டுக் கோணங்களையும் கியர்பாக்ஸ் முனையிலும் ஷாப்டிலும் பினியன் முகத்திலும் போனை ஒட்டவைத்துப் பார்த்துவிடலாம், 6க்கு 6. பாரம் ஏற்கெனவே ஏறியிருக்கிற வண்டி என்பதால் நட்டுகளை அப்போதே கடைசி இறுக்கம் இறுக்கலாம், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை.

இத்தனைக்குப் பிறகும் 40இல் அதே 42 வந்தால் கோபப்பட வேண்டாம். ஷாப்டின் நடுவே நீளம் கூட்டிக் குறைக்கும் பல்லிணைப்பு ஒன்று உண்டு. முன்பு எப்போதாவது கிராஸ் மாற்றக் கழற்றியபோது, அதை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். இரு மூட்டும் ஒரே கோணத்தில் இருந்தும், ஒன்று வேகம் கூட்டும்போது மற்றது குறைக்கத் தவறும். பல்லிணைப்பின் இரு பாதியிலும் ஒவ்வோர் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். கிரீஸையும் சேற்றையும் துடைத்தால் தெரியும். இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.